ஆலைக்குப் பூட்டு விழுந்த பிறகு: துப்புரவுச் செலவை ஆலைக்காரரிடமே வசூலிப்பது

'ஆலையை இழுத்து மூடு' என்ற ஒற்றைக் கோரிக்கையோடு போராட்டத்தில் இறங்காதீர்கள். அந்தக் கோரிக்கை தேவைதான்; பல ஊர்களில் அது உயிர்ப் பிரச்சினை. ஆனால் கேட்டுக்குப் பூட்டு விழும் நாள், ஆலைக்காரர் கைகழுவிவிட்டுப் போவதற்கும் வசதியான நாள். மின் இணைப்பும் தண்ணீரும் மாசுக் கட்டுப்பாடு வாரியத்தின் இசைவாணையும் தேவைப்படும் வரைதான் அவர் யாருக்காவது பதில் சொல்வார். உற்பத்தி நின்று எந்திரங்கள் லாரி ஏறிவிட்டால், மண்ணுக்குள் கிடப்பது மட்டும் ஊருக்கு மிச்சம். அதன் பிறகு எந்த அலுவலகத்துக்குப் போனாலும், "ஆலையைத்தான் மூடியாச்சே, இன்னும் என்னங்க?" என்பார்கள். அதனால் முதல் மனுவிலேயே இந்த வரியும் இருக்கட்டும்: நிறுவனம் தன் சொந்தச் செலவில் மண்ணையும் நிலத்தடி நீரையும் சுத்தம் செய்து தர வேண்டும், அதற்கான பணத்தை இப்போதே கட்ட வேண்டும்.

இந்த ஒரு வரி இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டை நம் மாநிலத்திலேயே பார்க்கலாம். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1970களின் நடுவில் தொடங்கி, 1990களின் நடுவில் மூடப்பட்டது. விட்டுப்போன குரோமியக் கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாது. மழைக்காலத்தில் அந்தக் கழிவு மேட்டிலிருந்து மஞ்சள் நீர் கசிந்து அக்கம்பக்கத்து நிலங்களுக்குள் இறங்கியது. வசூலிக்கலாம் என்றால் நிறுவனத்தின் கையில் எதுவும் இல்லை. அந்தக் கழிவை அள்ளும் பொறுப்பு ஆண்டுக்கணக்காக அரசின் தலையில், அதாவது நம் எல்லார் தலையிலும், கிடக்கிறது.

கொடைக்கானல் கதை வேறு. அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரில் ஓடிக்கொண்டிருந்த பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 1980களில் செயின்ட் மேரீஸ் ரோட்டுக்கு வந்து சேர்ந்தது. பாதரசம் வெளிநாட்டிலிருந்து வந்தது. தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போனது. உடைந்ததும் சிந்தியதும் இங்கே தங்கின. பாண்ட்ஸ் கைமாறி, கடைசியில் ஆலை இந்துஸ்தான் லீவரிடம், அதாவது யூனிலீவர் குழுமத்திடம், வந்தது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் குவிந்து கிடப்பதை ஊர்மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிக்கொண்டுவந்தார்கள். அந்த மாதமே ஆலை நின்றது. அவர்கள் அதோடு கலைந்து போகவில்லை. கழிவை எங்கிருந்து பொருள் வந்ததோ அங்கேயே கொண்டுபோ என்றார்கள். 2003இல் சுமார் 290 டன் கழிவு தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் போனது. செலவு நிறுவனத்துடையது. பணக்கார நாட்டின் கழிவு ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கமாக இருந்த காலத்தில், அது திரும்பிப் போன அபூர்வமான சம்பவம் இது.

மண் மட்டும் போகவில்லை. அந்தச் சண்டையை அளவு பற்றிய பகுதியில் சொல்கிறேன்.

முதல் வேலை: ஆளைப் பிடித்து வைப்பது

கேட்டில் தொங்கும் பெயர்ப்பலகையை நம்பாதீர்கள். நிலம் ஒருவர் பெயரிலும், இசைவாணை இன்னொருவர் பெயரிலும், லாபம் மூன்றாமவர் கணக்கிலும் இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நிலம் எப்போது, யாருக்கு விற்கப்பட்டது, எந்த வங்கியில் அடமானம் என்று தெரியும். சிப்காட் நிலமென்றால் குத்தகைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் இயக்குநர்கள், தாய் நிறுவனம், ஆண்டுக் கணக்கு எல்லாம் கிடைக்கும். இதையெல்லாம் ஒரே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வழக்குப் போடும்போது எதிர்மனுதாரர் பட்டியல் அதுதான்.

நிறுவனம் திவால் நடவடிக்கைக்குப் போகிறது என்று நாளிதழில் அறிவிப்பு வந்தால் அன்றைக்கே வேலையில் இறங்க வேண்டும். மீட்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டால், அதில் இடம்பெறாத பழைய பாக்கிகள் அற்றுப்போகும் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் தீர்ப்பளித்துவிட்டது. அரசுக்கு வர வேண்டிய பாக்கிக்கும் அதுதான் கதி. துப்புரவுச் செலவைத் தங்கள் உரிமைகோரலாகத் தாக்கல் செய்யும்படி மாசுக் கட்டுப்பாடு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அவர்கள் செய்யாமல் விட்டால், நாங்கள் சொன்னோம் என்பதற்கு நீதிமன்றத்தில் அந்த அட்டைதான் சாட்சி.

காகிதமும் ஆட்களும்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 'ஏன்' என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு இப்படி எழுதலாம்: 'இந்த நிறுவனம் 2016 முதல் இன்றுவரை தாக்கல் செய்த அபாயகரக் கழிவு ஆண்டறிக்கைகளின் (படிவம் 4) நகல்கள், கழிவு ஏற்றிய ஒவ்வொரு லாரிக்குமான படிவம் 10 நகல்கள், வாரியம் எடுத்த மண், நீர் மாதிரிகளின் ஆய்வறிக்கைகள், அனுப்பிய விளக்கம் கேட்கும் அறிவிப்புகளும் பிறப்பித்த உத்தரவுகளும். மேற்படி நிறுவனத்தின் கோப்பை நேரில் பார்வையிட ஒரு தேதியும் தருக.' கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். நகலாக வராத காகிதம் கோப்பில் கிடக்கும். 30 நாளில் பதில் இல்லையென்றால் முதல் மேல்முறையீடு.

படிவங்கள் வந்ததும் உட்கார்ந்து கூட்டிக் கழியுங்கள். உற்பத்தி அளவுக்கு ஏற்ற கழிவு ஆண்டறிக்கையில் இருக்கிறதா? ஆண்டறிக்கையில் சொன்ன கழிவுக்கு ஏற்ற எண்ணிக்கையில் லாரி போயிருக்கிறதா? உள்ளே வந்த நச்சுப்பொருளிலிருந்து சரக்காக வெளியே போனதைக் கழித்தால் வருவது எங்கேயோ இருந்தாக வேண்டும். பாதரசம் போன்ற தனிமம் மாயமாக மறையாது. காற்றிலோ மண்ணிலோ தொழிலாளியின் உடம்பிலோ இருக்கும். கொடைக்கானலில் நிறுவனத்தை விடாமல் துரத்திய வாதங்களில் இதுவும் ஒன்று.

எந்த இடத்தில் புதைத்தார்கள் என்பது காகிதத்தில் இருக்காது. அது முன்னாள் தொழிலாளர்களுக்குத் தெரியும். ராத்திரி ஷிப்டில் டிராக்டர் ஓட்டியவர், கழிவு மூட்டை சுமந்தவர், தரையைக் கூட்டிய அம்மா, இவர்கள் வீட்டுக்குப் போங்கள். முதல் சந்திப்பில் நோட்டை வெளியே எடுக்காதீர்கள். பாதிப் பேருக்கு நிலுவைப் பணம் வர வேண்டியிருக்கும். பேசினால் அது போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. மண்ணைச் சுத்தம் செய்யும் கோரிக்கையோடு அவர்களுடைய உடல்நலக் கோரிக்கையையும் சேர்த்து எடுக்கிறீர்கள் என்று அவர்களுக்கு உறுதியாகத் தெரிந்த பிறகுதான் வாய் திறப்பார்கள். அது உண்மையாகவும் இருக்க வேண்டும். கொடைக்கானலில் முன்னாள் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டு 2006இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் போராட்டம் இத்தனை ஆண்டு நின்றிருக்காது.

மாதிரி எடுப்பது பற்றி. பாதரசமோ குரோமியமோ சந்தேகப்படும் இடத்தில் எதையும் வெறுங்கையால் தொடக் கூடாது. சிறுவர்களைக் கூட்டிப்போகக் கூடாது. அங்கே போட்ட செருப்போடு வீட்டுக்குள் நுழையக் கூடாது. மாதிரிக் குப்பியை ஆய்வகத்திடமே கேட்டு வாங்குங்கள். பாதரசத்துக்குக் கண்ணாடிக் குப்பி வேண்டும், உலோகம் பார்க்கும் தண்ணீருக்குக் குப்பியில் அவர்களே அமிலம் விட்டுத் தருவார்கள். மேல்மண் தனி, ஆழத்து மண் தனி. இரண்டையும் கலந்தால் மேலே இருக்கும் நஞ்சு சராசரியில் கரைந்து எண் இறங்கிவிடும். ஆலையின் பாதிப்பு எட்டாத, மேட்டுப் பக்கத்து நிலத்திலிருந்து ஓர் ஒப்பீட்டு மாதிரியும் கட்டாயம் எடுங்கள். 'இந்தப் பகுதி மண்ணிலேயே இயற்கையாக அது இருக்கிறது' என்பது நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்லும் முதல் பதில். அதற்கு மறுமொழி அந்த ஒரு குப்பியில் இருக்கிறது. தோண்டும்போது இடம், நேரம், ஆழம் எல்லாம் தெரிகிற மாதிரி படம் பிடியுங்கள்.

நாமாக எடுத்த மாதிரி சட்டப்படி முழுச் சாட்சியமாகாது. அதற்கு அதிகாரி எடுத்து, அறிவிப்புக் கொடுத்து, முத்திரையிட்டு அனுப்பும் முறை இருக்கிறது. ஆனால் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தை ஒரு கூட்டுக் குழு அமைக்கச் செய்வதற்கு நாம் எடுத்த மாதிரியே போதும். கடலூர் சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராம மக்கள் இதற்கு நல்ல உதாரணம். எந்த நேரத்தில், எந்தத் திசைக் காற்றில், என்ன நாற்றம் என்று நோட்டில் குறித்துவந்தார்கள். 2004 வாக்கில் வாளிக்குள் பிளாஸ்டிக் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதுவரை நாற்றம் என்று மட்டும் பேசப்பட்டதற்கு ரசாயனப் பெயர்கள் கிடைத்தன. எந்த ஆலையில் எந்த ரசாயனம் என்று பிறகு தேட முடிந்தது.

அளவு என்னும் எண்ணில்தான் பணம் இருக்கிறது

இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். 'சுத்தம் செய்கிறோம்' என்று நிறுவனம் ஒத்துக்கொண்டவுடன் ஊரில் பட்டாசு வெடிப்பார்கள். எந்த அளவுக்குச் சுத்தம் என்ற கேள்வி அதன் பிறகு ஓர் அறைக்குள், வல்லுநர்கள் நடுவில், ஆங்கிலத்தில் முடிவாகும். ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் நஞ்சு மிச்சமிருக்கலாம் என்ற அந்த எண், எத்தனை டன் மண் அள்ள வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. டன் கணக்கு கோடிக் கணக்கை முடிவு செய்கிறது.

கொடைக்கானலில் ஏற்கப்பட்ட எண் ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2009இல் குடியிருப்பு நிலத்துக்கு உலோகப் பாதரச வழிகாட்டி அளவாகக் கொடுத்தது 1 மில்லிகிராம். லண்டனில் தலைமையகம் வைத்திருக்கும் ஒரு குழுமம், தன் ஊர் மண்ணுக்கு ஒரு நீதி, நம் மலைக்கு ஒரு நீதி என்று நடக்கலாமா என்று போராட்டக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி சரியானது என்பதே என் கருத்து. ஆலை நிற்பது பாம்பார் சோலையின் விளிம்பில். அந்தத் தண்ணீர் கும்பக்கரை வழியாகப் பெரியகுளம் பக்கம் இறங்குகிறது. நிறுவனத் தரப்பு சொன்ன காரணத்தையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும்: கடுமையான அளவு வைத்தால் இன்னும் ஆழமாக, அகலமாகத் தோண்ட வேண்டும், மரங்கள் போகும், சரிவில் மண் அரிக்கும் என்றார்கள். இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மரத்தைக் காப்பாற்ற வேறு முறைகளைத் தேடுவதும் செலவுதான், அதுவும் அழுக்காக்கியவர் செலவுதான் என்பதே நம் பதிலாக இருக்க வேண்டும்.

ஆகவே இடர் மதிப்பீட்டு அறிக்கை வரும்வரை காத்திருக்காமல், அந்த ஆய்வுக்கான வரையறையே எழுதப்படும் கட்டத்தில் மனுக் கொடுங்கள். நிலம் எந்தப் பயன்பாட்டுக்கானது என்று கணக்கில் எடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தொழிற்சாலை நிலம் என்று எழுதினால் எண் தளரும்; விவசாயம், குடியிருப்பு என்றால் இறுகும். மீன் சாப்பிடுகிறவர்கள், கிணற்று நீர் குடிக்கிறவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் கணக்கில் இருக்கிறார்களா என்று பாருங்கள். உங்கள் பக்கத்துக் கல்லூரியில் மண்ணியல், வேதியியல் பேராசிரியர் ஒருவர் இந்த ஒரு வேலைக்காவது உங்களோடு உட்கார வேண்டும்.

சட்டம் நம் பக்கம் இருக்கும் இடங்கள்

மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றிய ஆண்டு 1996. பிப்ரவரியில் ராஜஸ்தானின் பிச்ரி கிராம வழக்கு. ஆகஸ்டில் நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றிய வேலூர் வழக்கு. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தருவதோடு, கெட்ட சூழலைத் திரும்பச் சீராக்கும் செலவும் ஆலைக்காரருடையது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்த இரண்டாவது பாதியை எந்த மனுவிலும் விடாதீர்கள். பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் 2010இன் 15ஆம் பிரிவு இழப்பீடு, சூழல் மீட்பு இரண்டையும் கேட்க இடம் தருகிறது. காலக்கெடு ஐந்து ஆண்டு, தகுந்த காரணம் காட்டினால் கூடுதலாக 60 நாள். அந்த ஐந்து ஆண்டு, காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதால், பேச்சுவார்த்தை நடக்கிறது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தென் மண்டல அமர்வு சென்னையில்தான் இருக்கிறது.

2025 ஜூலையில் மத்திய அரசு, மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை மாவட்ட நிர்வாகம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும். 90 நாளில் முதற்கட்ட ஆய்வு. பிறகு விரிவான ஆய்வு. பொறுப்பாளி யார் என்று கண்டறிந்து செலவை அவர் மேல் வைக்க வேண்டும். ஆள் இல்லாத, அல்லது கொடுக்க முடியாத இடங்களுக்கு மத்திய, மாநில அரசுகள் செலவைப் பகிர்ந்துகொள்ளும். உங்கள் ஊர் இடம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்பதுதான் இன்றைக்கு எளிதான முதல் அடி. இல்லையென்றால் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். கிராம சபைத் தீர்மானத்தோடு கொடுத்தால் ஒதுக்குவது கடினம்.

தீர்ப்பு வேறு, பணம் வேறு

பிச்ரியை மறுபடியும் பாருங்கள். எச்-அமிலம் தயாரித்த ஆலைகள் சில ஆண்டுகளே ஓடின. கிணறுகள் கெட்டு, தண்ணீர் நிறம் மாறியது. துப்புரவுச் செலவு 37.385 கோடி ரூபாய் என்று 1997இல் நிர்ணயமானது. நிறுவனங்கள் மனு மேல் மனுவாகப் போட்டு இழுத்தன. 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 1997 நவம்பரிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியோடு கட்டு என்றது. இழுத்தடிப்பவருக்கு இழுத்தடிப்பதால் லாபம் இருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். உங்கள் மனுவில் வட்டியைக் கேளுங்கள், கூட்டு வட்டி என்றே கேளுங்கள்.

வேலூரில் 2001இல் 29,193 பேருக்குச் சுமார் 26.82 கோடி ரூபாய் இழப்பீடு என்று முடிவானது. பாலாற்றுக்கான சண்டை அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், நிலுவை இழப்பீட்டை முதலில் மாநில அரசு கொடுத்துவிட்டு, ஆலைகளிடமிருந்து அது வசூலித்துக்கொள்ளட்டும் என்று உத்தரவிட்டது. இடையில் எத்தனை பேர் இறந்துபோனார்கள் என்று நினைத்தால் நெஞ்சு பொறுக்கவில்லை. 'அரசு முதலில் கொடுத்துப் பிறகு வசூலிக்க வேண்டும்' என்ற அந்த ஏற்பாட்டை இனி ஒவ்வொரு வழக்கிலும் தொடக்கத்திலேயே கேட்க வேண்டும்.

பணம் எங்கே, எந்த வடிவில் இருக்கும் என்பதையும் உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள். 2013இல் தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை மீது விதிக்கப்பட்ட 100 கோடி ரூபாய், ஆட்சியரிடம் வைப்புத்தொகையாக இருந்து, அதன் வட்டி ஆலையைச் சுற்றியுள்ள மண்ணுக்கும் தண்ணீருக்கும் செலவாக வேண்டும் என்று நோக்கம் குறித்துச் சொல்லப்பட்டது. அப்படிக் குறித்திருந்தால்தான் பின்னால் கணக்குக் கேட்க முடியும். ரொக்கத்துக்குப் பதில் வங்கி உத்தரவாதம் என்றால் அதன் காலாவதித் தேதியை உங்கள் நாட்காட்டியில் குறித்து, மூன்று மாதம் முன்பே வாரியத்துக்கு எழுதுங்கள். புதுப்பிக்காமல் விட்ட உத்தரவாதம் வெறும் தாள். மதிப்பிட்டதைவிடச் செலவு கூடினால் கூடுதலையும் நிறுவனமே தர வேண்டும் என்ற வரியும் வேண்டும். தோண்டத் தோண்டக் கழிவு கூடுவதுதான் வழக்கம்.

போபாலில் இப்படி எதுவும் நடக்கவில்லை. 1989 சமரசத்தில் யூனியன் கார்பைடு கொடுத்த 47 கோடி டாலர் விஷவாயுவுக்கானது. ஆலை வளாகத்து மண்ணும் கழிவும் கணக்கில் இல்லை. பிறகு அந்த நிறுவனத்தை வாங்கிய டௌ கெமிக்கல், பொறுப்பு தனக்கில்லை என்றது. துப்புரவுக்கு முன்பணமாக 100 கோடி ரூபாயை டௌ கட்ட வேண்டும் என்று மத்திய அமைச்சகமே 2005இல் நீதிமன்றத்தில் கேட்டும் பலனில்லை. கடைசியில் 337 டன் கழிவை அகற்ற ஒதுக்கப்பட்ட 126 கோடி ரூபாய் மக்கள் வரிப்பணம். ஆகவே எந்தச் சமரசப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்பும், 'இத்துடன் எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன' என்ற வாசகம் இருக்கிறதா என்று வழக்கறிஞரை வைத்துத் தேடுங்கள். தொழிலாளர் இழப்பீடு ஒரு பத்திரம், மண் இன்னொரு பத்திரம்.

கொடைக்கானல் அதைச் சரியாகச் செய்தது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ஒரு ராப் பாடல் உலகம் முழுக்கப் பரவி, யூனிலீவரின் தலைமை அதிகாரி பதில் சொல்ல வேண்டிய நிலை வந்தது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்கள், குடும்பத்தினருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. மண்ணுக்கான சண்டை தனியாகத் தொடர்ந்தது, 2018இல் டி.எம். கிருஷ்ணாவும் சேர்ந்து இன்னொரு பாடல் வந்தது. பாடலால் வழக்கு ஜெயிக்காது. ஆனால் சோப்பும் ஷாம்பும் விற்கும் நிறுவனத்துக்கு அதன் பெயர்தான் முதல் சொத்து. உங்கள் ஆலை மூலப்பொருள் மட்டும் செய்கிறதென்றால், அதை வாங்கும் பெரிய நிறுவனம் யார், கடன் கொடுத்த வங்கி எது என்று கண்டுபிடித்து அங்கே கடிதம் எழுதுங்கள்.

யாரும் மிச்சமில்லாத ராணிப்பேட்டை போன்ற இடங்களுக்கு ஒரு வழி அமெரிக்காவில் இருக்கிறது. லவ் கெனால் குடியிருப்பில் புதைத்த ரசாயனம் வீடுகளுக்குள் கசிந்த பிறகு, லோயிஸ் கிப்ஸ் என்ற இல்லத்தரசி நடத்திய போராட்டத்தின் விளைவுகளில் ஒன்று 1980இன் சூப்பர்ஃபண்ட் சட்டம். ரசாயன, எண்ணெய் நிறுவனங்கள் மீது வரி போட்டு ஒரு நிதி சேர்த்தார்கள். 1995இல் அந்த வரி காலாவதியாக விடப்பட்டது. நிதி கரைந்து, சுமை பொது வரிப்பணத்துக்கு மாறியது. தொடர்ந்து கேட்டதால் 2021இல் ரசாயனங்கள் மீதும் 2022இல் எண்ணெய் மீதும் வரியைத் திரும்ப விதிக்கச் சட்டம் வந்தது. தேர்தல் நேரத்தில் உங்கள் தொகுதி வேட்பாளரிடம் வைக்கும் கோரிக்கைகளில், இங்கேயும் இப்படியொரு தொழில்வரி நிதி வேண்டும் என்பதைச் சேருங்கள்.

பணம் வந்து, அளவு முடிவாகி, ஜேசிபி வந்து நின்றபின் உங்கள் குழு கவனிக்க வேண்டியது லாரிகளை. அள்ளிய மண் எங்கே போகிறது? போபால் கழிவு 2025 ஜனவரியில் பீதம்பூருக்குப் போனபோது அந்த ஊர் மக்கள் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. உங்கள் ஊர்க் கழிவு இறங்கப் போகும் ஊரின் பஞ்சாயத்துத் தலைவரை முன்கூட்டியே போய்ப் பாருங்கள். கழிவில் என்ன இருக்கிறது என்ற ஆய்வறிக்கையை அவரிடம் கொடுங்கள். ஒவ்வொரு லாரியின் படிவம் 10 நகலும் இரண்டு ஊருக்கும் வர வேண்டும் என்று துப்புரவுப் பணிக்கான கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். இங்கே எடைமேடையில் பதிவான எடையும் அங்கே இறங்கிய எடையும் ஒத்துப்போகிறதா என்று வாரம் ஒருமுறை இரண்டு ஊர்க்காரர்களும் போனில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.